சோளகத்துக்கு எந்தத் தடி?

அன்புள்ள அண்ணைக்கு,

வணக்கம். எனக்கு ஊர் மாங்குளம். சின்ன வயதில் பூவரசங்கம்பில் தங்கூசி கட்டி, மண்புழு கோத்து மீன் பிடித்தவன். நீங்கள் ஃபிளை தூண்டில் பற்றி எழுதியதைப் படித்த நாளிலிருந்து அந்த ஆசை திரும்பப் பிடித்துவிட்டது. நோர்வேயில் இருக்கிற மாமா நல்லூர்த் தேருக்கு வருகிறார். வரும்போது ஒரு தடி வாங்கி வரச் சொன்னேன். அவர் கடைக்குப் போய் நாலு தடிகளின் படத்தை அனுப்பியிருக்கிறார். ஒன்று ஏழரை அடி, 3ஆம் நம்பர். அடுத்தது 9 அடி, 5ஆம் நம்பர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னாராம். மூன்றாவது 9 அடி, 8ஆம் நம்பர். கடைசி 13 அடி, இரண்டு கையாலும் பிடித்து வீசுவது. மாமாவுக்கு அதில்தான் கண். எனக்கு இரணைமடுக் குளத்திலும் முத்தையன்கட்டுக் குளத்திலும் திலாப்பியா பிடிக்க விருப்பம். நந்திக்கடல் களப்பிலும் ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த நம்பர் என்றால் என்ன? எதை எடுக்கச் சொல்ல? விலை கூடியதை எடுத்தால் வீசுவது சுலபமா?

அன்புடன்,
மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த நாலிலும் ஒன்றையும் எடுக்க வேண்டாம். 9 அடி, 6ஆம் நம்பர், நாலு துண்டாகக் கழற்றக்கூடிய தடி ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கடையில் 6 இல்லாமலா இருக்கும்? காரணத்தையும் மாமாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் ஒரு சொல்லில் அவரை 5க்கு மாற்றிவிடுவார்.

முதலில் நம்பர். நீங்கள் பழகிய தூண்டிலில் தங்கூசிக்குப் பாரம் கிடையாது. ஈயக்குண்டு பறக்கிறது, தங்கூசி அதன் பின்னால் போகிறது. ஃபிளை தூண்டிலில் முள்ளில் கட்டியிருப்பது கொஞ்ச இறகும் நூலும்தான். அதை எறிந்தால் காலடியில் விழும். அதனால் பாரத்தை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த, பிளாஸ்டிக் பூசிய லைன் அது. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சுழற்றுகிற மாதிரி லைன் பின்னால் போய் நீள வேண்டும், பிறகு முன்னால் வந்து நீள வேண்டும். தடியில் எழுதியிருக்கிற நம்பர் அந்த லைனின் பாரத்தைத்தான் சொல்கிறது. லைனின் முதல் 30 அடியை நிறுத்தால் 3ஆம் நம்பர் ஏறக்குறைய ஆறரை கிராம், 5 ஒன்பது கிராம், 6 பத்து கிராமுக்குச் சற்று மேல், 8 பதின்மூன்றரை கிராம் வரும். 6ஆம் நம்பர் தடிக்கு 6ஆம் நம்பர் லைன். தடியை முதலில் எடுத்துவிட்டு லைனைப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு தூண்டில்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஊருக்கு 5 சரி. நடுத்தர ஆறு, நடுத்தர மீன், அளவான காற்று. நம்முடைய நிலம் வேறு. மாமா வந்து இறங்குகிற நேரம் சோளகம் அடித்துக்கொண்டிருக்கும். வைகாசியில் எழும்பினால் புரட்டாதி வரைக்கும் அது ஓயாது. தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றைத் தடுக்க இரணைமடுவின் திறந்த நீர்ப்பரப்பில் ஒன்றுமே இல்லை. குளத்தின் கட்டு வடக்குப் பக்கம். கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தால் தெற்கே பார்க்கிறீர்கள். அப்படியானால் சோளகம் உங்கள் முகத்திலும் வலது தோளிலும் சேர்ந்து அடிக்கும். வலது கையால் வீசுகிறவருக்கு இதைவிடப் பொல்லாத காற்று இல்லை. முன்னால் போகிற லைனைத் திருப்பித் தள்ளும், பின்னால் போன முள்ளை உங்கள் காதுப் பக்கம் கொண்டுவரும். 5ஆம் நம்பர் லைனை அந்தக் காற்றுக்குள் நேராக நீட்ட நல்ல பழக்கம் வேண்டும். 6இல் இருக்கிற அந்த ஒரு கிராம் சொச்சம் புதியவருக்குப் பெரிய உதவி.

அப்படியென்றால் 8 இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். காற்றுக்கு நல்லது, பழகுகிறவரின் கைக்கு நல்லதல்ல. ஒரு பகல் முழுக்க வீசினால் மணிக்கட்டும் தோளும் நோகும். நொந்த கை பிழையாகப் பழகும். உள்ளங்கை அகலத் திலாப்பியா அதில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. தாமரைக்குள் கிடக்கிற விராலை மேலே இழுத்தெடுக்கவும், களப்புக் கொடுவாவுக்கும் 8தான் தேவை. அது இரண்டாவது தடியாக இருக்கட்டும்.

3ஆம் நம்பர் மிக அழகான தடி. நுவரெலியாப் பக்கமும் ஹோட்டன் சமவெளியிலும் பிரித்தானியர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் இருக்கிற சின்னக் குளிர் ஓடைகளுக்கு அதைக் கொண்டுபோகலாம். வன்னிக் காற்றுக்கு அது தாங்காது. மாமா ஆசைப்படுகிற 13 அடித் தடி நோர்வேயின் பெரிய ஆறுகளில் சமன் (சால்மன்) மீன் பிடிக்கச் செய்தது. அதை அவர் தனக்கே வாங்கட்டும்.

தடியை எப்படிப் பார்த்து எடுப்பது? கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நீளமும் நம்பரும் துண்டுக் கணக்கும் இருக்கும். சில தடிகளில் 906-4 என்றுதான் இருக்கும்: 9 அடி 0 அங்குலம், 6ஆம் நம்பர், 4 துண்டு. நாலு துண்டு என்றால் உறையோடு ஏறக்குறைய இரண்டரை அடியில் அடங்கும், பெரிய சூட்கேசுக்குள் போகும். துண்டுகளைப் பூட்டி, கைப்பிடியிலிருந்து ஒரு கண்ணால் நுனிவரை பார்க்கச் சொல்லுங்கள். லைன் ஓடுகிற வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தடியை மெதுவாக ஆட்டினால் மூட்டுகளில் டிக் டிக் என்று சத்தம் வரக்கூடாது. வளையங்களுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்; கீறல் இருந்தால் லைனை அறுக்கும்.

விலைக்கும் சுலபத்துக்கும் சம்பந்தம் குறைவு. விலை கூடிய தடிகளில் பல விறைப்பானவை, நுனி மட்டும் வளைகிறவை. ஃபாஸ்ட் அக்ஷன் என்பார்கள். நேரம் பிசகாமல் வீசத் தெரிந்தவருக்கு அது தூரம் தரும். தொடங்குகிறவருக்கு மீடியம் ஃபாஸ்ட் வேண்டும். அந்தத் தடி நடுவரை வளையும். பின்னால் லைன் நீண்டு தடியை இழுக்கிற அந்தக் கணம் உள்ளங்கையில் தெரியும். அந்த இழுப்பு கைக்குத் தெரியத் தொடங்கினால் பாதிப் பாடம் முடிந்தது. கார்பன் தடியே போதும். நடுத்தர விலையில் எடுத்து, மிச்சக் காசை லைனில் போடுங்கள். திலாப்பியாவுக்கு றீல் லைனைச் சுற்றி வைக்கிற சாமான்தான், அதில் காசைக் கொட்ட வேண்டாம்.

லைன் விஷயத்தில் மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தடியோடு சேர்த்துப் பெட்டியில் வருகிற லைன் பெரும்பாலும் குளிர் தண்ணீருக்குச் செய்தது. பங்குனி வெயிலில் பத்து மணிக்குத் துருசுக் கட்டுச் சீமெந்தில் அப்படியொரு லைனைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். கால் மணித்தியாலத்தில் துவண்டுபோகும். தொட்டால் விரலில் ஒட்டும், அள்ளினால் மண்ணும் சேர்ந்து வரும், வீசும்போது வளையங்களில் ஒட்டிக்கொண்டு வெளியே ஓடாது. எவ்வளவு நல்ல தடி என்றாலும் அந்த லைனோடு ஒன்றும் செய்ய ஏலாது. நம்முடைய சூட்டுக்கு உள்நரம்பு விறைப்பாகவும் மேற்பூச்சுக் கடினமாகவும் இருக்கிற லைன் வேண்டும். பெட்டியில் ‘ட்ரொப்பிக்கல்’ என்று போட்டிருப்பார்கள். கூடவே டபிள்யூ எஃப் 6 எஃப் என்றும் இருக்க வேண்டும்: முன்பக்கம் பாரம் கூடியது, 6ஆம் நம்பர், மிதப்பது. கடையில் இல்லையென்றால் இப்போதே ஓடர் போட வேண்டும். வந்ததும் மாமா அங்கே பிரித்துப் பார்த்தால் அந்தக் குளிரில் சுருள் சுருளாக நிற்கும். பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரணைமடு வெயிலில் அது தானாக நேராகும்.

லைனின் முனையில் ஒன்பது அடி லீடர், அதாவது முள்ளைக் கட்டுகிற மெல்லிய தங்கூசி. அதன் நுனி 3எக்ஸ், அதாவது 0.20 மில்லிமீற்றர் அளவில். திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க மீன். பாசியையும் அடியில் கிடக்கிற கசடையும் மேய்கிறது. பெரிய முள்ளைப் பார்த்தால் விலகிப் போகும். 12ஆம் அளவு முள்ளில் பச்சையோ மண்ணிறமோ சுற்றிய சின்ன நிம்ஃப் (தண்ணீர்ப் பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டிய போலி இரை) கட்டி, அடியோடு அடியாக, நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாத வேகத்தில் இழுங்கள். குஞ்சையும் முட்டையையும் தாய் வாய்க்குள் வைத்துக் காக்கிற மீன் அது. கரையோரத்தில் அது முட்டையிடுகிற வட்டக் குழிகள் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு அப்பால் போடுங்கள்.

நந்திக்கடல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2009க்குப் பிறகு அந்தக் கரையில் பொழுதுபோக்குக்குத் தடியோடு நிற்க எனக்கு மனம் வந்ததில்லை. உங்களுக்கு வரலாம், அதை நான் பிழை சொல்லமாட்டேன். களப்பில் போடத்தான் வேண்டும் என்றால் 8ஆம் நம்பர் வாங்கியபிறகு, அங்கே தூண்டில் போடலாமா என்று முதலில் விசாரித்துவிட்டுப் போகலாம். உப்புத்தண்ணீர் பட்ட தடியையும் றீலையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சுண்டிக்குளம் தேசிய பூங்கா, அங்கே வேண்டாம்.

குளத்துக்குப் போகும் முன் அந்தக் குளத்தின் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் கேளுங்கள். குஞ்சு விடுவதும் வலை போடுவதும் அவர்கள் கையில். அந்த மீன் அவர்கள் வீட்டு உலை. வலை கிடக்கிற திசையில் வீச வேண்டாம். முதலை இருக்கிறது, ஆகவே வெளிநாட்டு வீடியோக்களில் போல இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிற எண்ணத்தை விடுங்கள். கண்ணிவெடி அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரியாத காட்டுக் கரைக்குள் எந்த மீனுக்காகவும் நுழைய வேண்டாம். கார்பன் தடிக்குள் மின்சாரம் பாயும். மேலே வயர் போகிற இடத்தில் தடியைத் தூக்காதீர்கள், சித்திரை மாதத்துப் பின்னேர இடி கேட்டவுடன் தடியைக் கழற்றிவிடுங்கள்.

தடி கைக்கு வந்தவுடன் குளத்துக்கு ஓடாமல், பள்ளிக்கூட மைதானத்தில் முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டி வீசிப் பழகுங்கள். தொப்பியும் கண்ணாடியும் அங்கேயே பழக்கமாகட்டும். காற்று எழும்ப முன், விடிய ஆறு மணிக்குப் போங்கள். பின்னால் லைன் நீளும்வரை காத்திருப்பதுதான் கஷ்டம். தலையைத் திருப்பி அதைக் கண்ணால் பாருங்கள். நேராக வரத் தொடங்கியபின், காற்று அடிக்கிற ஒரு பின்னேரம் தடியை இடது தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசிப் பாருங்கள். இரணைமடுக் கட்டில் சோளகத்துக்கு அதுதான் வழி. அப்போதும் லைன் பின்னால் குவிந்து விழுகிறது என்றால், பக்கத்திலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்