வளைவில் தொலையும் மீட்டர்கள்: ரேஸ் கேள்வி-பதில்

ஹேப்பி வேலி ரேஸ் பார்க்கிறேன். 12-ஆம் கேட் குதிரை என்றாலே ஒதுக்குகிறார்களே, ஏன்? (பல்லாவரம்)

கேட் என்பது குதிரை கிளம்பும் கூண்டு; எண் கூடக் கூட ரெயிலை, அதாவது உள்பக்க வேலியை, விட்டுத் தள்ளிப்போகும். ஹாங்காங்கின் அந்த மைதானம் ஒரு சுற்று சுமார் 1,450 மீட்டர்தான். கடைசி நேர்ப்பகுதி 300 மீட்டரைச் சற்றே தாண்டும். அரைவட்ட வளைவில் ரெயிலை விட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரை 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வளைவு சின்னதோ பெரிதோ, இந்தக் கணக்கு மாறாது. நம்பாதவர்கள் வாசலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போட்டு நூல் பிடித்து அளக்கலாம். இரண்டு குதிரைகளுக்கு வெளியே, மூன்று மீட்டர் தள்ளி ஓடினால் 9 மீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு குதிரை நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர்; ஆக, நான்கு நீளம் காலி.

அப்படியானால் இறுக்கமான வளைவு என்ன கெடுக்கிறது? விட்டதைப் பிடிக்க நேர்ப்பாதை போதாது. வேகத்தோடு திரும்பும் குதிரை வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டும் போகும்.

அப்போ கண்ணை மூடிக்கொண்டு முதல் கேட்டில் கட்டலாமா? (பெரம்பூர்)

கூடாது. இங்கிலாந்தின் செஸ்டரில் சுற்று ஒரு மைலுக்குக் கொஞ்சம்தான் கூடுதல். அங்கே ஐந்து ஃபர்லாங் (சுமார் ஒரு கிலோமீட்டர்) ரேஸில் உள் கேட்டுக்குச் சாதகம் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிந்தது விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்; ஜெயித்தாலும் கொஞ்சம்தான் கிடைக்கும்.

கேட்டைப் பார்க்கும்போதே குதிரையின் குணத்தையும் பாருங்கள். ஸ்டார்ட்டில் மந்தமான குதிரை முதல் கேட்டில் நின்றால், மற்றவை முன்னால் வந்து ரெயிலோடு மூடிவிடும். ஜாக்கி இடம் தேடுவதற்குள் வெற்றிக் கம்பம் வந்துவிடும். முன்னால் போகிற பழக்கமுள்ள குதிரை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று, அதுவும் உள் கேட்டில் என்றால் எனக்குப் பிடிக்கும். நான்கு இருந்தால் ஒன்றையொன்று இழுத்துக் களைத்துப்போகும். அப்போது பின்னால் ஐந்தாவதாகப் பதுங்கி வருவதைத் தேடுவேன்.

கிண்டியில் ஒரு பெரியவர் ஸ்டாண்டுக்கே வரமாட்டார், வளைவோரம் நிற்பார். ரேஸ் புக் ஓரத்தில் பென்சிலால் 'வெளி 3' என்று மட்டும் குறித்துக்கொள்வார். முடிவுப் பட்டியலில் ஐந்தாவதாக வந்த குதிரை, வளைவு முழுக்க மூன்றாம் வரிசையில் ஓடியது என்று அதற்கு அர்த்தம். அடுத்த முறை அது உள் கேட்டில் வந்தால் பர்ஸைத் திறப்பார். நான் கற்ற உருப்படியான பாடம் இதுதான். அவர் பெயர்கூடத் தெரியாது.

பெரிய உடம்பு, நீண்ட எட்டு வைக்கும் குதிரை? (வேளச்சேரி)

பொதுவாக அகலமான மைதானத்துக்கு. ஆனால் அதே வளைவில் முன்பு நன்றாக ஓடியிருந்தால் உடம்பைப் பார்க்காதீர்கள்.

சனிக்கிழமைக்கு ஷூர் டிப் ஒன்று கொடுங்களேன். (திருவொற்றியூர்)

இருந்தால் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேனா?

ஃபேவரைட் (அதிகப் பணம் விழும் குதிரை) மேல் கட்டி, தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டுகிறேன். ஒரு நாள் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? (அயனாவரம்)

100-இல் தொடங்கினால் எட்டுத் தோல்வியில் 25,500 ரூபாய் போயிருக்கும். ஒன்பதாவதுக்கு 25,600 வேண்டும். ஃபேவரைட் மூன்றுக்கு ஒன்று ஜெயிக்கிறது என்றே வையுங்கள். எட்டும் தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 25-க்கு ஒரு தடவை நடக்கும். நீங்கள் வாரா வாரம் போகிறவர். நிறுத்திவிடுங்கள், வீட்டில் தெரியாமல் கடன் வாங்கியிருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஒன்றுக்கு ஐந்து விலை என்றால் நல்லதா? (தாம்பரம்)

ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால், போட்ட ரூபாயோடு ஐந்து ரூபாய் லாபம் என்று அர்த்தம். வரிக்கு முன், ஆறுக்கு ஒருமுறை ஜெயித்தால் கட்டுப்படியாகும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம் (முன்பு 28), அதுவும் கட்டும் முழுத் தொகைக்கும். 100 ரூபாய் கட்ட 140 எடுத்து வைக்க வேண்டும். ஜெயித்தால் வருவது 600. ஆகவே முப்பதுக்கு ஏழு முறையாவது ஜெயித்தால்தான் கைக்காசு தேறும். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி. தோற்றதைக் கழித்துக் காட்டவும் முடியாது. ஆறுக்கு ஒருமுறை ஜெயிக்கும் என்று நான் நினைக்கும் குதிரைக்கு இப்போது ஒன்றுக்கு எட்டுக்குக் கீழே விலை இருந்தால் டீக்கடைப் பக்கம் போய்விடுகிறேன்.