ஹாஃப்வே ஹவுஸில் இருப்பவரோடு பேசுவதும் சந்திப்பதும்: கேள்வி பதில்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் இருப்பவர்கள் தண்டனையின் கடைசி மாதங்களைக் கழிக்கும், ஹாஃப்வே ஹவுஸ் எனப்படும் மறுவாழ்வு மையங்களைப் பற்றி, அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் ஊரிலிருக்கும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் தம்பி இப்படி ஒரு மையத்தில் சில மாதங்கள் இருந்தான். அதன் பிறகு பல குடும்பங்களுக்குத் துணையாகச் சென்று வந்திருக்கிறேன். மாநிலச் சிறைகளின் மையங்களுக்கு விதிகள் வேறு.

சிறைத்துறையின் தேடல் பக்கத்தில் என் கணவரின் இடம் "பிலடெல்பியா ஆர்.ஆர்.எம்." என்று காட்டுகிறது. அங்கே சென்றால் அவரைப் பார்க்கலாமா? (பென்சில்வேனியாவிலிருந்து ஒரு சகோதரி)

போக வேண்டாம், சகோதரி. அது அந்த வட்டாரத்து மையங்களை மேற்பார்வை செய்யும் அலுவலகம் மட்டுமே. அங்கே யாரும் தங்குவதில்லை. மையங்களை ஒப்பந்த அடிப்படையில் வெளி நிறுவனங்கள் நடத்துகின்றன. தேடல் பக்கத்தில் அவற்றின் பெயர் வருவதில்லை. அந்த அலுவலக முகவரிக்குக் கடிதம் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தவர்களை நான் அறிவேன். எந்த மையத்துக்குப் போகிறோம் என்பது சிறையை விட்டுப் புறப்படும் முன்பே உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடமிருந்து பெறுவதே நம்பகமான வழி. தகவல் எதுவும் வரவில்லை என்றால், அவருடைய எட்டு இலக்கப் பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

சிறையிலிருந்து மகன் வாரம் தவறாமல் பேசுவான். மையத்துக்கு மாறி நான்கு நாளாகியும் அழைப்பு இல்லை. ஏதாவது ஆகிவிட்டதா? (நாமக்கல்லிலிருந்து ஒரு தாயார்)

பயப்படாதீர்கள், அம்மா. சிறையில் அவர் பயன்படுத்திய தொலைபேசிக் கணக்கும் கோர்லிங்க்ஸ் என்ற சிறை மின்னஞ்சலும் மையத்தில் செல்லாது. முதல் சில நாள்கள் விதிகளை விளக்கும் கூட்டம், பரிசோதனை, கேஸ் மேனேஜரை, அதாவது அவருடைய விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலரை, சந்திப்பது என்றே போய்விடும். வந்து சேர்ந்த 15 நாள்களுக்குள் வாரம் 40 மணி நேர வேலையில் சேர வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு என்பதால், பகல் முழுவதும் வேலை தேடி அலைந்துகொண்டிருப்பார். பல மையங்கள் சொந்தக் கைபேசி வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. ஆனால் எந்த வகைக் கைபேசி என்பதில் மையத்துக்கு மையம் விதி மாறும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்கி அனுப்பாதீர்கள். கோடையில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை. வேலை முடிந்து மையத்துக்குத் திரும்பியபின் அவர் பேசக்கூடிய நேரம் பெரும்பாலும் அதுதான்.

சிறை வாசலிலிருந்து அண்ணனை நானே காரில் அழைத்துச் செல்ல முடியுமா?

முன்கூட்டியே அனுமதி பெற்றால் முடியும், தம்பி. காவலர் துணையின்றி, குறித்த நேரத்துக்குள் மையத்தை அடைய வேண்டும் என்ற நிபந்தனையோடு பலரை அனுப்புகிறார்கள். பேருந்தில் அனுப்புவதும் உண்டு. உங்கள் பெயரும் வண்டி விவரமும் சிறையிலுள்ள கேஸ் மேனேஜரிடம் முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் அவர் இன்னும் கைதிதான் என்பதை மட்டும் ஒரு நொடியும் மறக்காதீர்கள். வழியில் ஒரு கோயிலுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ வண்டியைத் திருப்பினால், அது உங்களுக்குப் பாசம். சட்டத்தின் கண்ணில் தப்பியோட்டமாகவே எழுதப்படலாம், அதற்குத் தனித் தண்டனையும் உண்டு. போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொண்டால் உடனே மையத்தை அழைத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லி, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

சிறையில் உங்கள் பெயர் பார்வையாளர் பட்டியலில் இருந்தது என்பதை நம்பிப் புறப்படாதீர்கள். மையத்தில் புதிதாக அனுமதி கேளுங்கள். பார்வை நேரம், குழந்தைகளை அழைத்து வரலாமா என்பவற்றைப் போகும் நாளன்று காலையில் இன்னொரு முறை விசாரித்துவிடுங்கள். பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் அசலாக இருக்க வேண்டும். தம்பியை முதன்முறை பார்க்கப் போனபோது அம்மா எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் மரியாதையாகவே மறுத்துவிட்டார். டப்பா காருக்குத் திரும்பியது, கைபேசி பெட்டகத்துக்குள் போனது, பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். அன்று அவனோடு உட்கார்ந்து பேசிய ஒரு மணி நேரத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

வார இறுதியில் பாஸில், அதாவது மையம் தரும் வெளியே செல்லும் அனுமதியில், வீட்டுக்கு வருகிறார். நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பார்வை அறையில் பார்ப்பதைவிட, சொந்த வீட்டில் ஒரு நாள் இருப்பதே அவருக்குப் பெரிய பலம். மையத்திலிருந்து எந்த நேரமும் வீட்டுக்கு அழைப்பு வரலாம். நள்ளிரவிலும் மணியை ஓசையின்றி வைக்காதீர்கள். மது வீட்டில் இருக்கவே வேண்டாம். நம் சமையலுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு: கசகசா சேர்க்காதீர்கள். குருமாவிலோ பாயசத்திலோ அரைத்துவிட்ட கசகசா, திரும்பியதும் எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில் அபின் வகைப் பொருளாகத் தெரியக்கூடும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும் வேண்டாம், பரிசோதனையில் மது அருந்தியதாகத் தெரியக்கூடும். பிழை உங்களுடையதாக இருந்தாலும் சிறைக்குத் திருப்பி அனுப்பப்படுபவர் அவர்தான் என்பதால் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கிரீன் கார்டு மட்டும் உள்ளவருக்கும் இந்த மையம் கிடைக்குமா?

நாடு கடத்தும் நடவடிக்கைக்கு உள்ளானவர்களைப் பொதுவாக அனுப்புவதில்லை. குடியேற்றத்துறை அவர்மீது பிடி ஆணை வைத்திருக்கிறதா என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் மூலம் இப்போதே பாருங்கள், ஐயா.

அவருக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டுமா?

வேலை கிடைக்கும்வரை பேருந்துக் கட்டணத்துக்கும் உடைக்கும் அனுப்புங்கள். சம்பளம் வந்ததும் பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தத் தொகையில் 25 சதவீதத்தை மையம் தங்கும் செலவுக்கு வாங்கிக்கொள்ளும் என்பதைக் கணக்கில் வையுங்கள். விலக்குக் கோரவும் வழி உண்டு.

அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்து வர நினைக்கிறோம். எப்போது வந்தால் நல்லது?

மையத்தில் அதிகபட்சம் 12 மாதங்கள் வரை வைக்க 2008-இல் கையெழுத்தான சட்டம் இடம் தருகிறது. அதன் இறுதிப் பகுதியை வீட்டுக்காவலில் கழிக்கலாம். தண்டனைக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆறு மாதம், இரண்டில் எது குறைவோ அது வீட்டுக்காவலின் வழக்கமான வரம்பு. 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேர்த்த சலுகை நாள்கள் இருந்தால் அது நீளும். வீட்டுக்காவல் தொடங்கும் தேதியைக் கேஸ் மேனேஜரிடம் உறுதி செய்துகொண்டு, அதற்கு இரண்டு வாரம் தள்ளி டிக்கெட் போடுங்கள். அத்தனை தூரம் வரும் அம்மா மகனை அப்போது வீட்டிலேயே பார்க்கலாம். அவன் வேலை முடிந்து வந்ததும் தன் கையாலேயே சோறு போடலாம்.