பர்மாவில் போனது, பினாங்கில் போனது

ஐயா, வணக்கம். என் தாத்தா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். அவர் பெட்டியில் 'இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், பினாங்கு' என்று அச்சிட்ட சேமிப்புப் புத்தகம் கிடைத்தது. இப்போது அப்படியொரு பேங்க் இங்கே இல்லை. "செட்டியார் கிட்டங்கிதான் பேர் மாற்றி பேங்க் ஆனது, பர்மா மாதிரி இங்கேயும் கவர்மெண்டு எடுத்துக்கொண்டது" என்கிறார் மாமா. உண்மையா? அந்தக் காசு என்ன ஆகியிருக்கும்?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். பினாங்கில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கிட்டங்கி வேறு, பேங்க் வேறு.

பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கி என்பது ஒரே நீளக் கூடம், அதற்குள் செட்டியார்களின் பல வட்டிக்கடைகள். ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம் இருந்தால் அது ஒரு கடை. மூன்றாண்டுத் தவணையில் ஊரிலிருந்து வந்த ஏஜெண்டு, நிலத்தின் கிராண்டை (பட்டாவை) வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பார். முதலாளி வீட்டுப் பணமும் சொந்தபந்தங்கள் போட்டதும்தான் முதல். பினாங்கில் எழுதிய உண்டியலுக்கு, அதாவது பணம் தரச் சொல்லும் சீட்டுக்கு, ரங்கூனில் பணம் கிடைக்கும்.

1930களின் மந்தத்தில் இது ஆட்டம் கண்டது. நெல்லும் ரப்பரும் விலை விழுந்ததும் கொடுத்த கடன் நிலமாகத் திரும்பி வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம்தான் செட்டியார்கள் கையில். 1938இல் அது 25 விழுக்காடு. கேட்கப் பெரிய சொத்துதான், ஆனால் உண்டியலை நீட்டுகிறவனிடம் வயலையா அளந்து கொடுப்பது?

இந்த நிலையில்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் வெளிநாட்டு வணிகத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் என்றே ஒரு பேங்க் தொடங்கினார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறப்பு. அடுத்து பினாங்கு. சென்னைக்குச் சமமாகக் காரைக்குடியையும் வைத்தாரே, அது எனக்குப் பிடித்த விஷயம். ரங்கூன் கிளை திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1963இல் அந்த நாட்டு ராணுவ அரசு எல்லா பேங்குகளையும் எடுத்துக்கொண்டது. மாமா சொல்லும் பர்மா கதை இதுதான்.

இங்கே யாரும் பிடுங்கவில்லை. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான பேங்க் இயங்கக் கூடாது என்று மலாயாவில் முன்பே சட்டம் உண்டு. அதனால்தான் 1959இல் பேங்க் ஆஃப் சைனா மூடிக்கொண்டு போனது. 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி 14 பேங்குகளை அரசுடைமை ஆக்கினார், ஓவர்சீஸ் பேங்கும் அதில் ஒன்று. டில்லியில் போட்ட கையெழுத்து, பினாங்குக் கிளையை ஒரே நாளில் அந்நிய அரசின் பேங்க் ஆக்கிவிட்டது. (செட்டியார் இதைப் பார்க்க இல்லை, 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துவிட்டார்.) 1973இல் இந்தியன் பேங்க், ஓவர்சீஸ் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் மூன்றின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் பேங்க் ஆயின. அது 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்தது. இன்று அந்த வழியில் நிற்பது சிஐஎம்பி பேங்க்.

காசு விஷயம்: புத்தகத்தின் கடைசி வரியைப் பாருங்கள். தாத்தாவே எடுத்துக் கணக்கை முடித்திருக்கலாம். மீதி இருந்தால் சிஐஎம்பியில் கேளுங்கள், அரசின் 'வாங் தாக் டிதுந்துத்' (கேட்பாரற்ற பணம்) பட்டியலிலும் தாத்தாவின் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஏழு ஆண்டு அசையாத கணக்குப் பணம் அங்கேதான் போகும், வாரிசுகள் மனுச் செய்யலாம். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.