துடக்கில்லாத துயரம்: வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை மூன்று கடிதங்கள். மூன்றும் உயிர்ச் சிநேகிதரைப் பறிகொடுத்தவர்கள் எழுதியவை. எங்கள் உளவளத்துணைக் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: எனக்கு வயது 29. வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்த சிநேகிதி எட்டு மாதத்துக்கு முதல் டெங்கில் போய்விட்டாள். ஐ.சி.யு. வாசலில் "நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்த நாட்களில் அவளுடைய அண்ணாவும் நானும்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிந்தோம். இப்போது ஒவ்வொரு இரவும் அவரோடு வட்ஸ்அப்பில் கதைக்கிறேன். போன மாதம் என்னைக் கட்ட விருப்பம் என்று சொன்னார். எனக்கும் விருப்பம்தான். ஆனால் அவள் செத்ததால்தானே இது வந்தது என்று நினைக்க நெஞ்சு அடைக்கிறது. இது காதலா, அவளை விட மனமில்லாத கவலையா?

பதில்: இரண்டும் கலந்துதான் இருக்கும். எது எவ்வளவு என்று பார்க்க வழி இருக்கிறது. அதற்கு முன் உங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறோம்.

அவளுடைய அண்ணாவுக்கு 31 நாள் துடக்கு இருந்தது. எட்டு, அந்தியேட்டி, மாசியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அயலவர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள், கண்டவர்கள் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். நீங்கள் செத்த வீட்டுக்குப் போய்வந்து தலை முழுகியதோடு சரி. கந்தோரில் லீவு கேட்டாலும் உங்கள் சொந்த லீவைத்தான் கழித்திருப்பார்கள். ஊர் கணக்கில் எடுக்காத இப்படியான துயரத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் விரிவாக எழுதினார். நண்பர்களை இழந்தவர்கள் அதில் முக்கியமான ஒரு வகை. துக்கம் விசாரிக்க ஆளில்லாதவர், கேட்பதற்குக் கிடைத்த ஒருவரிடமே எல்லாவற்றையும் கொட்டுவார். நீங்கள் அவளுடைய அண்ணாவிடம் கொட்டுகிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, அவரைத் தவிர இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொள்வது. உங்கள் பட்ச்சில் அவளை நன்றாகத் தெரிந்த இருவரைப் பிடியுங்கள். மாதம் ஒரு முறை சந்தித்து அவளைப் பற்றி மட்டும் கதையுங்கள். "எப்படி இருக்கிறாய்" என்று தொடங்கினால் பேச்சு வேலை, சம்பளம் என்று போய்விடும். "அவளுடைய ஒரு படம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அழைத்தால் பேச்சு தானாக வரும்.

இரண்டாவது, கடந்த இரண்டு கிழமை வட்ஸ்அப் உரையாடலை ஆறுதலாக மேலே தள்ளிப் பாருங்கள். அவளும் ஆஸ்பத்திரி நாட்களும் வரும் இடங்களைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? அவருடைய வேலை, எரிச்சல், பகிடி, உங்களிடம் அவர் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவா? ஒன்றும் மிஞ்சாவிட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் இருவரும் இன்னும் பழகத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

பழகுவதற்குக் குறைந்தது ஆறு கிழமை எடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை பகல் வெளிச்சத்தில், ஏதாவது ஒரு வேலையோடு சந்தியுங்கள். புத்தகக் கடையோ, மரக்கறிச் சந்தையோ, கோல்பேஸில் ஒரு நடையோ போதும். ஓட்டோக்காரர் மிச்சக் காசு இல்லை என்று சொன்னால் அவர் என்ன செய்கிறார், அம்மாவின் கோல் வந்தால் எந்தக் குரலில் கதைக்கிறார் என்பதெல்லாம் இரவுச் செய்திகளில் தெரியாது. இரவுப் பேச்சை ஒன்பதரை மணிக்கு முன் முடித்துவிடுங்கள். களைத்த நேரத்தில் மனம் பழைய இடத்துக்கே போகும், பிறகு நித்திரையும் கெடும். நித்திரை கெட்டால் அடுத்த நாள் துக்கம் இரட்டிப்பாகும். வெளிநாடு போகும் எண்ணம், சீதனம், அம்மாவோடு இருப்பதா தனிக்குடித்தனமா என்பதையும் இந்தக் காலத்துக்குள் கேட்டுவிடுங்கள். துக்க வீட்டில் இதையெல்லாம் கேட்பது அநாகரிகம் என்று தள்ளிப்போட்டவர்கள் பிறகு அவதிப்படுகிறார்கள்.

இப்படியான உறவுகள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் முறிகின்றன. ஒன்று, வீட்டார் உங்களில் அவளைத் தேடுவது. அவளுடைய சீலையைத் தந்து உடுக்கச் சொல்வார்கள், அவள் இருந்த கதிரையில் இருத்துவார்கள், வாய் தவறி அவள் பெயரால் கூப்பிடுவார்கள். ஒரு தடவை என்றால் அது பாசம். வழக்கமாகிவிட்டால் நீங்கள் மருமகளாகப் போகாமல் செத்த மகளாகப் போகிறீர்கள். "அன்ரி, இந்தச் சீலையை நினைவுக்கு வைச்சிருக்கிறன், உடுக்கேலாது" என்று முதல் தடவையே மெதுவாகச் சொல்லிவிட வேண்டும்.

மற்றது வேக வித்தியாசம். ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது இங்கே நன்றாகப் பொருந்தும். துக்கப்படுபவர் இழப்புக்கும் புது வாழ்க்கைக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருவார், அதுவே சுகமான போக்கு. ஆனால் இருவரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. நீங்கள் அழும் நாளில் அவர் கிரிக்கெட் பார்த்துச் சிரிப்பார். தங்கையை மறந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். "எனக்கு இன்றைக்குப் பாரமான நாள்" என்று காலையிலேயே ஒரு வரி அனுப்பிவிடும் பழக்கம் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

ஆண்டுத் திவசத்துக்கு முன் அந்த வீட்டில் கலியாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். அது உங்களுக்கு நல்லது, கேட்காமலே நாலு மாதம் கிடைக்கிறது. திவசம் திதிப்படி வருவதால் அவள் இறந்த திகதியோடு ஒத்துப்போகாது. இரண்டு நாளும் கனக்கும். அந்த நாட்களை ஒட்டிய இரண்டு கிழமைக்குள் "ஓம்" என்றோ "வேண்டாம்" என்றோ முடிவு சொல்லாதீர்கள்.

அவள் செத்ததால் வந்தது என்ற குற்றவுணர்வைப் பற்றி: அவள் இருந்திருந்தால் இது வேறு விதமாக வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதற்காக அவளுடைய சாவை நீங்கள் விரும்பியதாகாது. அதே முள் அவருக்கும் குத்திக்கொண்டிருக்கும். அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 34, கத்தோலிக்கர். என் நண்பன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து இரண்டு வருடமாகிறது. அவனுடைய வொய்ஸ் மெசேஜ்களை இன்றைக்கும் கேட்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் கொத்து ரொட்டி சாப்பிட்ட கடைக்குத் தனியாகப் போகிறேன். எனக்கு நிச்சயித்த பெண், "உங்களுக்கு என்னை விட அவன்தான் பெரிசு" என்கிறா. எனக்கு ஏதும் வருத்தமா?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை. கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. கிழமைக்கு ஒரு கொத்து ரொட்டி வருத்தமாகாது.

கவனிக்க வேண்டியது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கடந்தும், அநேகமாக ஒவ்வொரு நாளும் ஏக்கம் ஆளை விழுத்துவது, இறந்ததை ஏற்க முடியாமை, தன்னில் பாதி போய்விட்டது போன்ற உணர்வு, வேலையும் உறவுகளும் குலைவது ஆகியவை அதன் அடையாளங்கள். அமெரிக்க உளமருத்துவக் கையேடு 2022இல் இதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்தது. இப்படி இருந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனேயே சொல்லுங்கள். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் கொழும்பில் இருக்கிறது, அங்கே பொறுமையாகக் கேட்பார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே எடுங்கள். ஏக்கத்துக்கென்று மாத்திரை இல்லை. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உதவும். வீட்டிலுள்ளவரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பிழை.

குரல் பதிவுகளை உடனே காப்பாற்றுங்கள். ஃபோன் தொலைந்தால் எல்லாம் போய்விடும். அவனுடைய உரையாடலைத் திறந்து, எக்ஸ்போர்ட் சாட் (Export chat) என்பதில் மீடியாவோடு சேர்த்து எடுத்து, கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் போடுங்கள். மீடியாவோடு எடுக்கும்போது பழைய செய்திகள் விடுபடலாம், ஆகவே மிக முக்கியமான பதிவுகளை ஒவ்வொன்றாகவும் சேமியுங்கள். இன்னொரு விடயம்: பாவிக்காத நம்பரைக் கம்பனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். ஒரு நாள் அந்த நம்பரில் முன்பின் தெரியாத ஒருவரின் படம் வந்து நிற்கும். தெரிந்திருந்தால் அடி குறையும்.

உங்களுக்கு நிச்சயித்த பெண்ணை ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் என்ன சாப்பிடுவான், எதற்குச் சண்டை பிடிப்பான் என்று சொல்லுங்கள். அவவுக்கு இப்போது தெரிவது, மூடிய ஒரு கதவு மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு சனியும் இழுக்காதீர்கள். மாதத்தில் இரண்டு சனி அவனுக்கு, மற்றவை அவவுக்கு என்று பேசி வைத்தால் நல்லது.

பங்கு அலுவலகத்தில் அவன் பெயருக்குப் பூசை கொடுக்க உறவுக்காரராக இருக்கத் தேவையில்லை. இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2ஆம் திகதி கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டு போகும்போது இருவருமாகப் போங்கள்.

கேள்வி: தெஹிவளை, வயது 41. சிநேகிதி இறந்து ஒரு வருடம். வீட்டில் சம்பந்தம் பார்க்கிறார்கள். துக்கத்தின் ஐந்து கட்டங்களையும் முடித்த பிறகுதான் தொடங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. குப்ளர்-ராஸ் என்ற உளமருத்துவர் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி. எல்லாரும் வரிசையாகத் தாண்ட வேண்டிய சோதனை அல்ல அது.

ஒழுங்காக நித்திரை கொள்கிறீர்களா, ஒரு புது ஆளின் கதையை அரை மணித்தியாலம் கவனம் சிதறாமல் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் சந்திக்கலாம். இரண்டாவது சந்திப்பில் சிநேகிதியைப் பற்றி இரண்டு வசனம் சொல்லுங்கள். "சிநேகிதிக்கா ஒரு வருசம்?" என்று கேட்கிறவருக்கு தேத்தண்ணி முடியும்வரை மரியாதை கொடுத்துவிட்டு எழும்பி வாருங்கள்.