9 வயசு மகளுக்கு மைனஸ் பவர், எங்க ரெண்டு பேருக்கும் கண்ணாடியே இல்ல, எப்படி?

வரலாம் தங்கச்சி. தாய் தகப்பன் கண்ணாடி போடாட்டியும் புள்ளைக்கு கிட்டப்பார்வை, அதான் இந்த மைனஸ் பவர், வரும், உங்கட மாமி சொல்றமாதிரி ஆர்ட பக்கத்து ரத்தம் எண்டு தேடத் தேவல்ல.

பரம்பரையும் இரிக்கு, ஆனா அது தனிய வேல செய்றல்ல. சிட்னியிலயும் சிங்கப்பூரிலயும் 6, 7 வயசு சீன வம்சப் புள்ளைகள ஒப்பிட்ட ஆய்வு 2008ல வந்த, சிங்கப்பூரில 29 வீதம், சிட்னியில 3 வீதந்தான் கிட்டப்பார்வை. தாய் தகப்பன்ட கண் ரெண்டு இடத்திலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, சிட்னிப் புள்ளைகள்தான் கூடப் புத்தகம் வாசிச்சதும்! பெரிய வித்தியாசம் வெளியில நிண்ட நேரம், கிழமைக்கு அங்க 14 மணித்தியாலம், சிங்கப்பூரில 3.

மகள் ஸ்கொலசிப் (அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதின) வகுப்பு, பள்ளி விட்டா ரியூசன், பிறகு போன் எண்டு எழுதிருக்கீங்க, எனக்கு அதிலதான் சந்தேகம். ஒரு கிழமைக்கு அவ பகல் வெளிச்சத்தில நிக்கிற நேரத்த குறிச்சுப் பாருங்க, நாளைக்கு 2 மணித்தியாலம் வருதா எண்டு. நீங்க இரிக்கிற மட்டக்களப்புக் கல்லடிதானே, பின்னேரம் கடற்கரைக்கு விடுங்க, வெயில் எண்டா மரநிழலும் காணும், வீட்டு லைட்ட விட அது எத்தனையோ மடங்கு வெளிச்சம்.

ஆனா வந்த பவர் இதால இறங்காது, கண்ணாடிய கழட்டிப்போடாதீங்க. ஒரு கண் மட்டும் மோசம், இல்லாட்டி பவர் கெதியா ஏறுது எண்டா கண் டொக்டரிட்டயே காட்டுங்க, கண்ணாடிக் கடையோட நிக்காம.