மருந்துத் தீவனம் தின்றும் குஞ்சுகள் இறப்பது ஏன்?

கேள்வி: முப்பது நாள் வயதுள்ள 200 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை நெல் உமி பரப்பிய கொட்டகையில் வளர்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எச்சத்தில் ரத்தம் வருகிறது. நாளுக்கு நான்கைந்து குஞ்சுகள் இறக்கின்றன. தொடக்கம் முதலே ரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்த தீவனத்தையே கொடுக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டலாமா? – ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: கூட்ட வேண்டாம். தீவனத்தில் கலக்கும் மருந்து நோய் வராமல் காப்பதற்கானது. நோய் கண்ட குஞ்சு தீவனத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும், ஆனால் தண்ணீரை ஓரளவு குடிக்கும் என்பதால், இப்போது மருந்து தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். ரத்தக் கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூளை லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 3 முதல் 5 நாள்களும், பிறகு அளவைக் குறைத்து ஒன்றிரண்டு வாரமும் கொடுப்பது வழக்கம். உங்கள் கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். அந்நாள்களில் வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. இம்மருந்து வைட்டமின் பி1-ஐப் போன்ற தோற்றம் கொண்டு, இந்நோயை உண்டாக்கும் குடல் ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடுவது. ஆகவே அதனுடன் பி1 அடங்கிய பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் ஊற்றினால் மருந்தின் வேலை கெடும். கடையில் இரண்டையும் சேர்த்தே கையில் கொடுத்துவிடுவது நம் பக்கத்தில் சாதாரணம்.

மருந்துத் தீவனம் ஏன் தோற்றது என்றால், என் ஊகம் உங்கள் உமியின் மேல்தான் விழுகிறது. எச்சத்தோடு வெளியேறும் ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே நோய் பரப்பும் நிலைக்கு முதிர்ந்துவிடும். குஞ்சுகள் கிளறிக் கொத்தும்போது அவை ஆயிரக்கணக்கில் உள்ளே போனால், தீவனத்தில் உள்ள சிறிய அளவு மருந்தால் தாங்க முடியாது. உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிராமல் உருண்டையாக நின்றால் அது ஈரம். தண்ணீர்க் குவளையைச் சுற்றியும் சாரல் அடிக்கும் ஓரத்திலும் கட்டிபட்ட உமியை அகற்றிவிட்டு உலர்ந்த உமி போட்டு, குவளையைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இம்முட்டைகளைக் கொல்லா.

இறந்த குஞ்சு ஒன்றை அழுகுமுன் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குருட்டுக்குடலில் (குடலில் பை போல் பிரியும் பகுதி) ரத்தம் தேங்கியிருந்தால் நோய் ரத்தக் கழிச்சல்தான்.

இன்னொன்று: உங்கள் தீவனத்தில் கலந்திருப்பது சாலினோமைசின் என்ற மருந்து என்றால், அதே கொட்டகையில் வான்கோழி இருக்குமானால் அதற்கு அத்தீவனத்தை வைக்காதீர்கள், அது நஞ்சாகும்.