அம்மா எங்கே படுக்கிறார், தம்பி?

கேள்வி: நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறேன். வயது 29, டவுனில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்குக் குளிர் ஆகாது, வெயில் என்றால் உயிர். கொழும்பு, யாழ்ப்பாணம், திருகோணமலை, சென்னை, டுபாய், குவைத் ஆகிய ஆறு ஊர்களின் வெப்பநிலையையும் மாதவாரியாக ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். டுபாயில் நண்பன் வேலை பார்த்துத் தருவதாகச் சொல்கிறான். போன வருசம் தவணைக்கு ஹீட்டர் வாங்கி என் அறையில் வைத்தும் ஜனவரியில் கால்விரல் மரத்துப் போகிறது. அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, அடுப்படியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார், அவருக்குப் பழகிவிட்டது. நான் போனாலும் மஸ்கெலியாவில் இருக்கும் அக்கா பார்த்துக்கொள்வாள். வெயில் பிரியனான எனக்கு எந்த ஊர் பொருத்தம்?

பதில்: தம்பி, அட்டவணையை முழுக்கப் பார்த்தேன். ஆறு ஊர், பன்னிரண்டு மாதம், பகலும் இரவும் தனித்தனியாக, குவைத்தில் ஜூலை மாத நள்ளிரவு எத்தனை பாகை என்பது வரை தேடிப்பிடித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் ஜனவரி மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு எத்தனை பாகை என்று எழுதவில்லை. அங்கேதான் உங்களைப் பெற்றவர் சாக்கில் படுத்திருக்கிறார்.

வெயில் பிடிக்கும் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மார்கழி பிறந்தால் போதும், ராகலை, கந்தப்பளை, தலவாக்கலை என்று எல்லாப் பக்கமிருந்தும் இந்த மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். பாதிப் பேருக்கு உண்மையிலேயே குளிர் ஆகாது, மீதிப் பேருக்குத் தோட்டமே ஆகாது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு குளிரைச் சொல்வார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது அந்த ஹீட்டரைப் பற்றி.

வீட்டில் இரண்டு பேர், ஹீட்டர் ஒன்று, அது 29 வயதுக்காரரின் அறையில். அம்மாவுக்குப் பழகிவிட்டது என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். பழகியிருந்தால் அவர் ஏன் அடுப்படிக்குப் போகிறார்? வீட்டுக்குள் பாய் விரிக்க இடம் இருக்கும்போது சாம்பலுக்குப் பக்கத்தில் போய் ஒரு மனுசி படுக்கிறார் என்றால் அங்கேதான் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குக் குளிருகிற அதே குளிர்தான் அவருக்கும். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம். வயதாக ஆக உடம்பில் சதை வற்றும், சூட்டை உண்டாக்கும் சக்தி குறையும், குளிருகிறது என்பதே தாமதமாகத்தான் உறைக்கும், அதனால் "எனக்கு ஒன்னும் இல்லப்பா, நீ தூங்கு" என்று அவர் சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சாக்குக்குக் கீழே சிமெந்துத் தரை, அது இரவு முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே தகரம். ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும், அப்படிப்பட்ட இரவு விடிந்தால்தான் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். கொழுந்து கருகினால் எந்த மலையில் எத்தனை ஏக்கர் என்று கணக்கெடுக்கத் தோட்டத்தில் ஆள் இருக்கிறது. அதே இரவில் அடுப்பு அணைந்த பிறகு அம்மா எப்படிக் கிடந்தார் என்று பார்க்க வேண்டிய ஆள் நீங்கள், நீங்களோ கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் குவைத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மழையிலும் பனியிலும் இடுப்பில் தடித்த படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறி உங்களைப் படிக்க வைத்தவர் அவர். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

அப்புறம் அந்த விறகுப் புகை. வருசக்கணக்காக அடுப்பு மூட்டி, அந்தப் புகையைச் சுவாசித்து, இப்போது இரவிலும் அங்கேயே தூங்குபவருக்கு இருமல் இருக்கிறதா இல்லையா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன். கிளினிக்குக்கு அழைத்துப் போய் நெஞ்சைக் காட்டுங்கள்.

சரி, கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அட்டவணையிலும் கோளாறு இருக்கிறது. பாகை கூடினால் வெயில் பிரியனுக்குச் சந்தோசமும் கூடும் என்று நினைத்து ஊர்களை வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள், அதனால் குவைத் முதலிடம், டுபாய் இரண்டாமிடம். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21ஆம் தேதி 53.9 பாகை பதிவானது, உலக வானிலை அமைப்பு பரிசோதித்து ஏற்றுக்கொண்ட கணக்கு அது. அந்த வெயிலை யாரும் அனுபவிக்க முடியாது, அதிலிருந்து ஒளியத்தான் முடியும். டுபாயிலும் ஜூலை, ஆகஸ்டில் பகல் சராசரியாக 41 பாகை பக்கம், நள்ளிரவில்கூட 30 பக்கம் நிற்கும், கடல் ஈரம் வேறு. வீட்டில் ஏசி, பஸ்ஸில் ஏசி, ஒப்பீசில் ஏசி, கடையில் ஏசி. வெயிலுக்காகக் கடல் தாண்டிப் போனவர் நாள் முழுக்க நுவரெலியாவின் மத்தியானத்தைப் போன்ற ஒரு குளிரில் உட்கார்ந்திருப்பார். வெளியே நிஜமான வெயிலில் நிற்பவர்கள் கட்டட வேலைக்காரர்கள், அவர்களுக்காகத்தான் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 தொடங்கி 3 மணி வரை வெளிவேலைக்குத் தடை என்று அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, குவைத்தின் ஜனவரி இரவு சராசரியாக 8, 9 பாகைக்கு இறங்கும். அது நுவரெலியாவின் ஜனவரி இரவுதான். நீங்கள் உங்கள் அட்டவணையில் ஜூலைக்கு மட்டும் சிவப்பு மை பூசி ஜனவரியைப் பார்க்காமல் விட்டீர்கள்.

சென்னையை விடுங்கள், கத்திரி வெயில் நல்ல வெயில்தான், வேலை விசா யார் தரப்போகிறார்கள்? யாழ்ப்பாணத்துச் சூடு சித்திரையில் ஏறி ஆவணி தாண்டியும் இருக்கும், தை மாத இரவு கொஞ்சம் குளிரும், அது உங்களுக்குப் பெரிதில்லை. கொழும்பு வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு, பகல் 30, 31, இரவும் புழுக்கம். அங்கே பிரச்சினை காற்றில் இருக்கும் ஈரம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும், ஈரக் காற்றில் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், ஆக கொழும்பின் 31 பாகை வேறு, வறண்ட ஊரின் 35 பாகை வேறு. திருகோணமலையும் மட்டக்களப்பும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வறண்டு கொளுத்தும், காரணம் கச்சான் காற்று. அந்தக் காற்று வேறெங்கிருந்தும் வரவில்லை. தென்மேல் பருவக்காற்று வட்டவளை, நோர்வுட், மஸ்கெலியா என்று மேற்குச் சரிவில் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அழுத்தத்தில் சூடேறி உலர்ந்து போய் அங்கே வீசுகிறது. ஊவா மாகாணத்தில் அந்த மாதங்களில் தேயிலைக்கு நல்ல வாசம் வருவதும் அதே உலர்ந்த காற்றால்தான். உங்கள் அக்கா மஸ்கெலியாவில் துணி காயவில்லையே என்று புலம்பும் அதே நாளில் மட்டக்களப்பில் கண் எரியும். ஆறு ஊரில் உண்மையான வெயில் பிரியனுக்கு நான் திருகோணமலையைத்தான் சொல்வேன், வெயிலும் உண்டு, சாயந்தரம் கடலும் உண்டு, இரவில் விறைக்காது.

ஆனால் நீங்கள் தனி ஆள் இல்லையே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிற கணக்கில் பார்த்தால் பட்டியலே மாறும். கச்சான் அடிக்கும் ஊரில் வயதானவர் பாடு வேறு: தாகம் எடுப்பது குறையும், வியர்ப்பதும் குறையும், பிரஷருக்கு மாத்திரை போடுபவராக இருந்தால், அதிலும் நீர் போகிற மாத்திரை என்றால், கொளுத்தும் நாளில் தலை சுற்றி விழுந்துவிடுவார். டுபாய்க்குத் தாயைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள நல்ல சம்பளம் காட்ட வேண்டும், உங்கள் நண்பன் பார்த்துத் தரும் வேலையில் அது நடக்காது.

கடலுக்கே போக வேண்டும் என்று யார் சொன்னது, கொஞ்சம் கீழே இறங்கினால் போதாதா? ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 6.5 பாகை கூடும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர், கண்டி 500, மாத்தளை அதைவிடவும் கீழே. மாத்தளைக்கு இறங்கினால் ஒன்பது பாகைக்கு மேல் சூடு கிடைக்கும். மரத்துப் போகும் கால்விரலுக்கு அது தாராளம், ஏசி இல்லாமல் ஒரு ஃபேனோடு வாழலாம். நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர், முத்துமாரியம்மன் கோவில் இருக்கிறது, மாசித் தேர் இருக்கிறது, அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கும். பதுளையையும் பார்க்கலாம். உங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பக்கம் கிளை இருந்தால் மாற்றம் கேளுங்கள். டுபாய் அளவுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, தெரியும்.

அக்கா பார்த்துக்கொள்வாள் என்கிறீர்கள். அக்காவிடம் கேட்டீர்களா? மஸ்கெலியாவும் குளிர் ஊர்தான், அவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன், மாமியார், பிள்ளைகள், காலையில் வேலை. கல்யாணம் செய்து கொடுத்த பெண்ணின் தலையில் அம்மாவை வைத்துவிட்டு மகன் வெயில் காயப் போவது எனக்குப் பிடிக்காத விசயம், பழைய காலத்து ஆள் என்று சொன்னாலும் சொல்லுங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கினவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் குடும்பத்தோடு போய்க் காட்டை வெட்டினார்கள். உங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது.

ஒரு விசயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அம்மா ஓய்வு பெற்றவர், நீங்களும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் அந்தக் காம்பரா, அதாவது லயத்து வீடு, திரும்பக் கிடைக்குமா என்பது சந்தேகம். அவர் வர மறுத்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம், மாரியம்மனாகவும் இருக்கலாம், அப்பாவைப் புதைத்த இடமாகவும் இருக்கலாம். உட்கார்ந்து கேளுங்கள், சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், அவர் ஊற்றிக் கொடுப்பதைக் குடித்துக்கொண்டே கேட்காதீர்கள். மறுத்தால் நீங்களும் இருங்கள். இருந்து தகரத்துக்குக் கீழே சீலிங் அடியுங்கள்.

அதெல்லாம் நடக்க நாளாகும். இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. அம்மாவுக்கு ஒரு கட்டிலும் மெத்தையும் வாங்கி உங்கள் அறையில் போடுங்கள், அவர் ஹீட்டரோடு படுக்கட்டும், நீங்கள் காலுறை இரண்டு சோடி போட்டுக்கொண்டு வெளியே படுங்கள். லயத்து வயரிங் பழையது, தீப்பிடித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள், ஒரு மின்சார வேலைக்காரரை வைத்துப் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், போர்வைக்குப் பக்கத்தில் ஹீட்டரை வைக்காதீர்கள். கரியை மூட்டிச் சட்டியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தும் வேலை வேண்டவே வேண்டாம், மூச்சு முட்டிச் செத்துப் போவீர்கள்.

சித்திரை வருசத்துக்கு லீவு வரும், நுவரெலியாவில் சீசன் கூட்டம் நடக்க இடமிருக்காது, அந்த நாட்களில் அம்மாவை மாத்தளைக்குக் கூட்டிப் போய் இரண்டு மூன்று இரவு தங்க வையுங்கள். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும், இதைவிடச் சூடு அங்கே பெரிதாக வராது, அப்போது அவருக்கு ஒத்துக்கொண்டால் மற்ற மாதங்களுக்குப் பயமில்லை. இரவில் எத்தனை தடவை எழுந்தார், இருமினாரா, காலையில் கை மடங்கியதா என்று பார்த்து எழுதுங்கள். அட்டவணை வேண்டாம்.